மேல் வீட்டுச் சுவரும் என் களைக்கொட்டும்

சரிவான மனையில் வீடு கட்டுவது எப்படி என்று படித்த இன்ஜினியர் பிள்ளைகள் இன்றைக்கும் என்னிடம் வந்து கேட்கிறார்கள். நான் படித்தது நாலாம் வகுப்பு. அதையும் முழுதாக முடிக்கவில்லை. ஆனால் ஒரு மனையை ஒரு சுற்று நடந்து பார்த்தால் போதும், எத்தனை லாரி மண் கொட்ட வேண்டும், எந்தப் பக்கம் கல் கட்ட வேண்டும் என்று சொல்லிவிடுவேன். ஒரு லோடு முன்னே பின்னே ஆகாது. இரண்டு செங்கல் சூளை, மூன்று லாரி, திண்டிவனத்தில் என் பேரில் நான்கு வீடு. ஒரு பொம்பளை தனியாக நின்று சம்பாதித்தது. யாரிடம் தொழில் கற்றீர்கள் என்று கேட்பவர்களிடம், யாரிடமும் இல்லை, எல்லாம் சொந்த மூளை என்றுதான் இத்தனை காலமும் சொல்லி வந்திருக்கிறேன்.

அது முழு உண்மை இல்லை. ஒன்பது வயதில் ஒரு சுவரைத் தள்ளித்தான் நான் கற்றுக்கொண்டேன்.

ஐம்பத்தெட்டோ ஐம்பத்தொன்பதோ இருக்கும். அப்பாவிடம் ஒரு ஜோடி மாடும் ஒரு கட்டை வண்டியும் இருந்தன. மண்டியிலிருந்து மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, மூட்டைகளை ரயிலடிக்கு ஏற்றிப் போவார். ஆள் நல்ல திடம். மூட்டையை ஒரே எக்கில் தோளுக்கு ஏற்றிவிடுவார், முனகல்கூட வராது. அம்மா அதே மண்டியில் மல்லாட்டை உடைக்கிற வேலை செய்தாள். அங்கே அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து உடைத்தவள்தான் பிற்பாடு எங்களுக்கு மேல் வீட்டு அத்தை ஆனாள். வேதக்காரக் குடும்பம். அவள் புருஷன் ஒரு பள்ளிக்கூட ஹாஸ்டலில் சமையல்காரர். அவர்கள் வீட்டுக்கு ஒட்டினாற்போல் ஒரு மனை சும்மா கிடக்கிறது என்று சொன்னதும் அவள்தான், மனைக்காரரிடம் கூட்டிப்போய்ப் பேசி முடித்ததும் அவள்தான். அப்பாவை அண்ணே என்பாள். என்னை மருமகளே என்பாள்.

மனை என்றால் மனை அல்ல, ஒரு சறுக்கு மரம். தெரு முடிகிற இடத்தில் நிலம் ஏரி வாய்க்காலைப் பார்த்து இறங்கும். மேலே அத்தை வீடு, நடுவில் எங்கள் மனை, கீழே ஒரு பெரியவர் வீடு. மூன்றுக்கும் நடுவே ஓர் ஆடு புகுந்து போகக்கூட இடம் கிடையாது. அத்தை வீட்டுச் சமையலறையின் மண்சுவர் சரியாக எங்கள் எல்லைமேல் நின்றது. அந்தச் சுவருக்குக் கீழே இடுப்பளவு மண்மேடு. அது சரிந்து எங்கள் மனைக்குள் வரும். எங்கள் மனையில் நின்றால் அவர்கள் குழம்பில் என்ன காய் என்று சொல்லிவிடலாம், அவ்வளவு நெருக்கம்.

வாசற்படி எந்த மட்டத்துக்கு என்று மேஸ்திரி கேட்டபோது, அப்பா அத்தை வீட்டு வாசற்படியைக் கை காட்டினார். மேஸ்திரி நூலைப் பிடித்துப் பார்த்தார். அந்த மட்டத்துக்கு வாசற்படி வர வேண்டுமென்றால் கீழ்ப்பக்கத்தில் கடைக்கால் என்கிற அஸ்திவாரம் என் தலைக்கு மேல் ஒரு முழம் எழும்ப வேண்டும். அவ்வளவுக்கும் உள்ளே மண் நிரப்ப வேண்டும். கீழ் வீட்டுப் பெரியவர் வெற்றிலையைக் குதப்பிக்கொண்டே வந்து நின்றார்.

"இன்னாய்யா, ஊடு கட்றியா, செஞ்சிக் கோட்டை கட்றியா? மேல ஏறி நின்னுக்கினு பீரங்கி சுடப் போறியா?"

"மழைத் தண்ணி உள்ள வரக் கூடாது பாருண்ணே, அதுக்குத்தான்" என்றார் அப்பா.

அது மட்டும் காரணமில்லை. அதுவரை நாங்கள் குடியிருந்த இடங்கள் எல்லாம் நாலு படி இறங்கி, தலையைக் குனிந்து நுழைகிற இடங்கள். ஒரு வீட்டுக்குள்ளாவது படி ஏறிப் போக வேண்டும் என்று அவருக்கு ஆசை. வண்டி ஓட்டிக்கொண்டே அதைப் பாட்டு மாதிரிச் சொல்வார்.

நாலு பக்கமும் கருங்கல் கடைக்கால் எழும்பிவிட்டது. உள்ளே கொட்டும் மண்ணை அப்பா மண்டி வேலை முடிந்ததும் ஏரியிலிருந்து வண்டியில் அடித்துக்கொண்டிருந்தார். பாதி நிரம்பியிருக்கும்போது இடப்பக்கத்து மாட்டுக்குக் குளம்பில் சீழ் பிடித்து வண்டி நின்றுபோனது. மேஸ்திரி கையை விரித்தார்.

"வெள்ளிக்கிழமைக்குள்ள ரொப்பிக் குடுத்தீன்னா தண்ணி உட்டு திம்மிசு போட்டுட்டு செவுரு தூக்கிடறேன். இல்லாட்டி நான் மயிலத்துல ஒத்துக்கினு இருக்கற வேலைக்குப் போயிடுவேன். அப்பாலிக்கி தைக்கு மேலதான் என்னைப் பார்க்கலாம்."

நடுவில் மழைக்காலம் இருந்தது. சுவர் இல்லாத கடைக்கால் மழையில் என்ன ஆகும் என்பது எங்களுக்கும் தெரியும். அன்றைக்கே நான் பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டேன். அதற்குப் பிறகு போகவே இல்லை என்பது வேறு விஷயம். அப்பாவும் அம்மாவும் நானும் கூடையில் ஏரி மண் சுமந்தோம். போக ஒரு கால் மைல், வர ஒரு கால் மைல். மல்லாட்டைக் கொல்லையில் களை எடுக்கிற களைக்கொட்டு ஒன்றை அப்பா எனக்குக் கொடுத்தார். என் கைக்குப் பிடி உறுத்துகிறது என்று சிவப்புத் துணி சுற்றிக் கொடுத்தார்.

முதல் நாளே எனக்கு மூளை வேலை செய்ய ஆரம்பித்துவிட்டது. அத்தை வீட்டுச் சுவருக்குக் கீழே இருந்த மேட்டில், கூரைக்காக வாங்கிய பனஞ்சட்டங்களைச் சாய்த்து வைத்திருந்தார்கள். அதற்குப் பின்னால் புகுந்து களைக்கொட்டால் ஓர் இழு இழுத்தால் சவுடு மண் சர்க்கரை மாதிரி உதிர்ந்தது. ஏரிக்குப் போக வேண்டியதில்லை, தூக்கிக்கொண்டு நடக்க வேண்டியதில்லை. பத்து எட்டில் கடைக்கால். அப்பாவும் அம்மாவும் ஏரிப் பக்கம் போயிருக்கிற நேரத்தில் நான் நாலு கூடை, ஐந்து கூடை கொட்டிவிடுவேன். அவர்கள் திரும்பி வரும் நேரம் வாய்க்கால் வரைக்கும் ஓடிப்போய், அங்கிருந்து தலையில் ஒரு கூடையோடு மூச்சு வாங்கிக்கொண்டு வருவேன்.

சாயங்காலம் அப்பா நிரம்பியிருந்த அளவைப் பார்த்து அசந்துபோனார். கீழ் வீட்டுப் பெரியவரைக் கூப்பிட்டுச் சொன்னார்:

"பாத்தியாண்ணே, என் பொண்ணு பத்து ஆளுக்கு சமம்!"

என் வாழ்க்கையில் எனக்கு எத்தனையோ பேர் மாலை போட்டிருக்கிறார்கள். அந்த ஒரு வாக்கியத்துக்கு அதெல்லாம் உறை போடக் காணாது. மறுநாள் விடிந்ததும் இன்னும் ஆழமாகத் தோண்டினேன். மூன்றாம் நாள், நானே உள்ளே குந்திக்கொள்ளும் அளவுக்குப் பள்ளம் ஆகிவிட்டது. வெயில் படாமல் ஜில்லென்று இருந்தது.

அன்றைக்கு அத்தை சாம்பல் கொட்ட வந்தவள் சட்டங்களின் இடுக்கில் என் பாவாடையைப் பார்த்துவிட்டாள்.

"இன்னாடி மருமவளே, அங்க பூந்து குடைஞ்சிக்கினு இருக்க?"

"மண்ணு எடுக்கறேன் அத்தை."

"செவுத்தண்டையிலியா?"

எனக்கு ஒரு கணம்கூட யோசிக்கத் தேவைப்படவில்லை. அவ்வளவு கெட்டிக்காரி நான்.

"அப்பாதான் எடுக்கச் சொன்னாரு."

அத்தை சாம்பல் முறத்தை இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். "அண்ணனா சொன்னாரு?" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். "சரி, மேஸ்திரியைக் கேக்காம சொல்லியிருக்க மாட்டாரு. பாத்து எடுடி, பாம்பு கீம்பு கிடக்கப் போவுது." போய்விட்டாள்.

வெள்ளிக்கிழமைக்கு ஒரு நாள் முன்னதாகவே நிரப்பிவிட்டோம். மேஸ்திரி நாலு ஆட்களோடு வந்தார். அத்தை வீட்டுக் கிணற்றிலிருந்துதான் தண்ணீர் இறைத்து விட்டார்கள். மண் குடிக்கக் குடிக்க விட்டுக்கொண்டே இருந்தார்கள். அப்புறம் மண்ணை இறுக்கத் திம்மிசுக் கட்டையைத் தூக்கித் தூக்கிப் போட்டார்கள். தொம், தொம் என்று தரை அதிர்வது என் பல்லில் தெரிந்தது. நான் கடைக்கால் ஓரத்தில் உட்கார்ந்து, இதில் பாதி என் மண் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். உச்சி வெயில். அத்தை, ஆட்களுக்கு மோர் கலந்து ஒரு பானையில் எடுத்துக்கொண்டு அவள் வாசலிலிருந்து இறங்கி வந்தாள்.

சத்தம் பெரிதாக ஒன்றும் வரவில்லை. நனைந்த சாக்கைத் தரையில் போட்டது போலப் பொத்தென்று ஓர் ஓசை. திரும்பிப் பார்த்தால், அத்தை வீட்டுச் சுவர் இருந்த இடத்தில் சுவர் இல்லை. பிறகுதான் ஓடுகள் ஒன்று ஒன்றாகச் சரிந்து உடைகிற சத்தம் கேட்டது. செம்புழுதி எழும்பி எங்கள் எல்லார் மேலும் வந்தது.

புழுதி அடங்கினபோது அந்தச் சமையலறை முழுதும் தெருவுக்குத் தெரிந்தது. அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டே இருந்தது. எதிர்ச் சுவரில் மாதா படம் மாட்டினபடி இருந்தது. நடுவே, கம்பத்தின் மேல் நின்ற உத்தரத்தில் ஒரு தூளி தொங்கியது. அது இன்னும் ஆடிக்கொண்டிருந்தது. அதற்கு மேலே ஓடுகள் பாதி நழுவி நின்றன.

தூளியில் அத்தையின் ஏழு மாதப் பிள்ளை.

அத்தை கையிலிருந்த மோர்ப் பானை விழவில்லை. அவள் அதை மெதுவாக, ஒரு சொட்டுச் சிந்தாமல், கீழே வைத்தாள். வைத்த பிறகு நின்றாள். நாங்கள் எல்லாரும் அப்படியேதான் நின்றோம். திம்மிசுக் கட்டையைத் தூக்கினவர்கள் தூக்கினபடி நின்றார்கள்.

அப்பாதான் ஓடினார். சரிந்த மண்மேல் கையையும் காலையும் ஊன்றி ஏறி, தொங்கிக்கொண்டிருந்த ஓட்டுக்கு அடியில் புகுந்து, தூளியோடு சேர்த்து அணைத்துப் பிள்ளையை எடுத்தார். அவர் வெளியே வரவும் மிச்ச ஓடுகள் விழவும் சரியாக இருந்தது. பிள்ளை முழுதும் செம்மண். கண், மூக்கு எது என்று தெரியவில்லை. அழவும் இல்லை. அப்பா அதன் முகத்தைத் துண்டால் வழித்து மூக்கில் ஊதினார். ஒரு தடவை, இரண்டு தடவை. மூன்றாம் தடவை பிள்ளை தும்மியது. பிறகு வீறிட்டது. அப்போதுதான் அத்தை, "யேசுவே" என்று தரையில் உட்கார்ந்தாள்.

எனக்கு மட்டும் அழுகை வரவில்லை. சுவர் விழுந்ததற்கும் என் கூடைக்கும் சம்பந்தம் உண்டு என்பது தெரிந்தது. எவ்வளவு சம்பந்தம் என்பதைத்தான் நான் யோசிக்க மறுத்தேன்.

யாரோ ஓடிப்போய்ச் சொல்லி, ஹாஸ்டல் சமையலறையிலிருந்து மாமா வந்தார். சின்ன உடம்புக்காரர். இடுப்பில் கட்டின அழுக்குத் துண்டோடு வந்தவர் பிள்ளையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். பிறகு திரும்பினார்.

"எவன்டா செவுத்துக்கு அடியில கை வச்சது?"

மேஸ்திரி அதற்குள் சட்டங்களை விலக்கி மேட்டைப் பார்த்துவிட்டிருந்தார். "இது மம்மட்டி வெட்டு இல்லீங்க. யாரோ சுரண்டி எடுத்திருக்காங்க. எங்க ஆளு ஒருத்தன்கூட இந்தப் பக்கம் வரல. என் தலையில கட்டாதீங்க." சொல்லிக்கொண்டே குனிந்து மண்ணுக்குள்ளிருந்து எதையோ உருவினார். "இந்தா பாருங்க."

களைக்கொட்டு. பிடியில் சிவப்புத் துணி.

அப்பா அதைப் பார்த்தார். பிடியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அதே நேரத்தில் அத்தை, பிள்ளையை மார்போடு அழுத்திக்கொண்டு கேட்டாள். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. அடிபட்ட குரலில் கேட்டாள்.

"அண்ணே, நீங்கதான் எடுக்கச் சொன்னீங்கன்னு பொண்ணு சொல்லிச்சே. அத நம்பித்தானே நான் சும்மா இருந்தேன்?"

நான் என் முதுகைத் தயார் செய்துகொண்டேன். அப்பா என்னைப் பார்த்தது ஒரு மூச்சு விடுகிற நேரம்கூட இருக்காது.

"ஆமாம்மா" என்றார். "நான்தான் சொன்னேன். வெள்ளிக்கெழம முடிக்கணும்னு புத்தி கெட்டுப் போயி சொல்லிட்டேன்."

"யோவ்! எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டியாய்யா?" என்று மேஸ்திரி கத்தினார். "அட பாவி மனுசா!" என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

மாமா வந்த வேகத்தில் அப்பாவின் கன்னத்தில் ஓங்கி ஓர் அறை விட்டார். மாமாவின் கை எட்டுவதற்கு அவர் எம்ப வேண்டியிருந்தது. மாமாவை அப்பா ஒரு கையால் தூக்கி அந்தக் கிணற்றுக்குள் போட்டிருக்க முடியும். அவர் அசையவில்லை. முகத்தில் அப்பியிருந்த புழுதியில் ஐந்து விரலும் பதிந்து, அந்த இடம் மட்டும் சுத்தமாகத் தெரிந்தது. அப்பாவை ஒருவர் அடிப்பதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. பிற்பாடும் பார்த்ததில்லை. சுவர் விழுந்தது எனக்கு மறந்துபோகும்; அந்த விரல்கள் மறக்காது.

வெயில் இறங்கினபோது வண்டிச் சக்கரத்துக்குப் பின்னால் நான் உட்கார்ந்திருந்தேன். அப்பா வந்தார். கையை நீட்டினார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். அடி விழவில்லை. அவர் என் கூடையை எடுத்தார். அதில் பாதிக் கூடை மண் இருந்தது. அதைக் கொண்டுபோய் அந்தப் பள்ளத்தில் கொட்டி, கையாலேயே தட்டினார். திரும்பி வந்து, "போய்ச் சாப்புடு" என்றார். அவ்வளவுதான். ஏன் எடுத்தாய், எப்போது எடுத்தாய், ஒன்றும் கேட்கவில்லை. அப்பாவுக்கு நான் சொன்ன பொய் புரியவில்லை என்று நினைத்தேன். ஒருவேளை என்றைக்கோ அவர்தான் சொல்லியிருப்பார், எனக்குத்தான் மறந்துவிட்டது என்றுகூடத் தோன்றியது. அன்றைக்கு நான் மூன்று உருண்டை கேப்பைக் களி தின்றேன்.

எங்கள் சுவருக்கென்று அடுக்கியிருந்த செங்கல் முதலில் அத்தை வீட்டுச் சுவருக்குப் போயிற்று. அதன் அடியில் கருங்கல் தடுப்பு எழும்பியது. கடைக்காலில் நாங்கள் சுமந்து கொட்டின மண்ணில் பாதியைத் திரும்ப வெட்டி அங்கேயே நிரப்பினார்கள். மேஸ்திரி மயிலத்துக்குப் போகாமல் மாமா வீட்டு வேலையை முடித்துக் கொடுத்தார். எங்கள் கல்லுக்கும் ஓட்டுக்கும் மறுபடி வழி பார்க்க, அப்பா மாட்டையும் வண்டியையும் விழுப்புரம் பக்கத்து ஆள் ஒருவருக்கு விற்றார். அதற்குப் பிறகு அதே மண்டியில் அடுத்தவர் வண்டிக்கு மூட்டை தூக்கினார். மறுபடி மண் அடிக்க வண்டி இல்லாமல் கடைசியில் கட்டின வீடு, தெருவிலிருந்து மூன்று படி இறங்கிப் போகிற வீடு.

பால் காய்ச்சின அன்று அத்தை பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு அந்த மூன்று படியும் இறங்கி வந்தாள். மாமா தெருவிலேயே நின்றார். அப்பா ஒரு டம்ளர் பாயசத்தை மேலே கொண்டுபோய் நீட்டினார். மாமா வாங்கிக் குடித்தார். இரண்டு பேரும் ஒன்றும் பேசவில்லை.

அம்மா பேசினாள். வருடக்கணக்காகப் பேசினாள். மழைத் தண்ணீர் வீட்டுக்குள் வருகிற ஒவ்வொரு ஐப்பசிக்கும், முறத்தால் வாரிக் கொட்டிக்கொண்டே, "ஊரான் செவுத்துக்கு அடியில மண்ணெடுக்கச் சொன்ன ஆம்பளைய எங்கனா கண்டிருக்கீங்களா?" என்பாள். அப்பா கூழைக் குடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பார். ஒரு மழையில், எனக்குப் பன்னிரண்டு வயது இருக்கும், என் பாயும் நனைந்துவிட்டது. நானும் அம்மாவோடு சேர்ந்துகொண்டேன்.

"எல்லாம் இந்த அப்பாவாலதான்."

சொன்னேன். என் வாயால் சொன்னேன். அப்பா குண்டானிலிருந்து தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். பிறகு, "ஆமாம்மா" என்று சொல்லிவிட்டு மறுபடி குனிந்துகொண்டார்.

பத்து ஆளுக்குச் சமம் என்று மட்டும் அவர் அதற்குப் பிறகு ஒருநாளும் சொல்லவில்லை. நான் சித்தாளாகப் போய், செங்கல் அறுத்து, சூளைக்குக் கணக்கு எழுதுகிற அளவுக்கு எழுத்தைக் கூட்டி, இருபத்தெட்டாம் வயதில் சொந்தமாக ஒரு சூளை போட்டேன். முதல் வேக்காட்டில் எடுத்த கல் ஒன்றைத் துணியில் சுற்றிக் கொண்டுபோய் அவர் கையில் கொடுத்தேன். விரல் முட்டியால் தட்டிப் பார்த்தார். கணீரென்றது.

"நல்லா வெந்திருக்கு" என்றார். கல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "மண்ணு எங்க எடுத்த?"

"ஏரி மண்ணுப்பா. கவர்மெண்டு பர்மிட்டு போட்டு எடுத்தது. நானே ஆபீசுக்குப் போயி வாங்கினேன், ஒருத்தன் சிபாரிசு கிடையாது."

"பக்கத்துல யாரு?"

"யாரும் இல்லப்பா. சுத்திலும் ஏரிதான்."

"சரி" என்று கல்லை மெதுவாகக் கீழே வைத்தார்.

இப்போதாவது அந்த வார்த்தையைச் சொல்வார் என்று நான் நின்றேன். அன்று வண்டிச் சக்கரத்துக்குப் பின்னால் கேட்காமல் விட்ட கேள்வியைத்தான் அவர் இத்தனை வருடம் கழித்துக் கேட்கிறார் என்று எனக்கு அப்போதும் உறைக்கவில்லை. நம்பவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, இடுப்பில் செருகியிருந்த பர்மிட் சீட்டை எடுத்து அவர் முகத்துக்கு நேரே பெருமையாக நீட்டினேன். எழுத்துத் தெரியாத மனிதர். வாங்கி, கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.